மாற்றுக் குறைந்த பொன்

வருடத்துக்கு ஒரு பெண்ணாவது கேட்டுவிடுகிறாள். பெரும்பாலும் மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவத்தில், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, கதவருகே தயங்கி நின்று. "மேடம், நீங்க மாலத்தீவுல இங்கிலீஷ் டீச்சரா இருந்தீங்களாமே. இப்பயும் ஆள் எடுக்கறாங்களா?"

தமிழ்த் துறையில் சங்க இலக்கியம் நடத்துகிற ஒருத்தி ஒரு காலத்தில் கடல் கடந்துபோய் ஆங்கிலம் கற்பித்தாள் என்பது அவர்களுக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, கொஞ்சம் நம்பிக்கையாகவும் இருக்கிறது. நான் இதுவரை யாருக்கும் முழுப் பதில் சொன்னதில்லை. "எடுக்கறாங்க, பாஸ்போர்ட் எடுத்து வெச்சுக்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவளுக்குப் பேருந்துக்கு நேரமாகியிருக்கும். எனக்கும்தான்.

எங்கள் வீட்டில் முதலில் ஆங்கிலம் பேசியது அம்மா. மூன்றாம் வகுப்போடு நின்றவள். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைப் பிரிவில் வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் 'ஸ்லிப்' ஊற்றுவாள். களிமண்ணைத் தண்ணீரில் பால்போலக் கரைத்ததற்கு அதுதான் பெயர். அச்சு நீரை உறிஞ்சி, ஓரத்தில் மண் தோல்போலப் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவாள். இறுகியதும் அச்சைப் பிரித்து, இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நிற்கும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பாள். அது 'பினிஷிங்'. முதல் சூளையில் வெந்து வந்தால் 'பிஸ்கட்'. பிறகு 'கிளேஸ்', மறுபடி 'பயரிங்'. "இன்னிக்கு முந்நூறு பிஸ்கட்டு ஒடஞ்சிபோச்சுடி" என்று அவள் சொல்லும்போது சின்ன வயதில் எனக்கு அழுகை வரும், அத்தனை பிஸ்கட்டா என்று. இந்தச் சொற்களை அவள் யாரிடமும் பாடமாகக் கேட்கவில்லை, எழுத்துக்கூட்டவும் தெரியாது. ஆனால் ஒரு நாளும் தப்பாகப் பயன்படுத்தியதில்லை. என்னுடைய ஆங்கிலத்தைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, ஊரிலேயே கொளஞ்சியப்பர் பெயரில் இருக்கும் அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். தமிழ் படித்தால் சோறு கிடைக்காது என்று சொன்னவர்கள் என் தமிழாசிரியர்களேதான். ஷேக்ஸ்பியரைத் தமிழ் விளக்கம் போட்ட கைடில் படித்தேன். மூன்று வருடமும் முதல் வகுப்பு மதிப்பெண். ஆனால் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு சோப்பு கேட்டு வாங்கத் தெரியாது. விருத்தாசலத்தில் அதற்கு அவசியமும் இல்லை. பி.எட். முடித்து ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தபோது மாதம் 3,500 ரூபாய் சம்பளம். அந்தப் பள்ளியில் தமிழில் பேசிய பிள்ளையிடம் ஐந்து ரூபாய் அபராதம் வசூலித்து நோட்டில் எழுதி வைப்பதும் என் வேலைகளில் ஒன்று. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அப்பா சூளை ஏற்றுகிறவர். அவர் வேலை செய்த கம்பெனி மூடப்பட்டது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. அப்போதுதான் நாளிதழ் விளம்பரம் பார்த்து, திருவனந்தபுரத்தில் ஒரு முகவர் நடத்திய நேர்காணலுக்கு இரவு ரயிலில் போனோம், அப்பாவும் நானும்.

அறை முழுக்கப் பெண்கள். நாகர்கோவில், மதுரை, கோட்டயம், திருநெல்வேலி. மடியில் பிளாஸ்டிக் ஃபைல். என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "ஆர் யூ மேரிட்?" இரண்டாவது கேள்வி: "எனி பிளான்ஸ்?" இலக்கணத்தில் ஒரு கேள்விகூட இல்லை. நடுவில் கல்யாணம் என்று ஓடிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை. "நோ சார்" என்றேன் இரண்டுக்கும். வெளியே வந்ததும் அப்பா, "என்னாம்மா கேட்டாங்க?" என்றார். "கிராமர்" என்று பொய் சொன்னேன்.

உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேவைப்படுகிறது. ஆனால் எல்லாக் கதவும் எல்லாருக்கும் திறப்பதில்லை. தென் கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் வழக்கமான விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் வைத்திருந்தது. ஆங்கிலம் தாய்மொழியாகப் பிறப்பதே ஒரு தகுதிச் சான்றிதழ். மற்றவர்களுக்கு மற்ற இடங்கள். பேரரசர் ஹைலி செலாஸி காலத்து எத்தியோப்பியாவுக்கும், எண்ணெய்ப் பணம் புரண்ட எழுபதுகளின் நைஜீரியாவுக்கும் நம் ஊர் ஆசிரியர்கள் போனார்கள். மாலத்தீவிலும் 1960களின் தொடக்கத்தில் தலைநகர் மாலேயின் பெரிய பள்ளிகளுக்கு ஆங்கில வழி வந்தபோது இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். தீவு தீவாகப் பள்ளிகள் பெருகியபோது கேரளமும் தமிழ்நாடும் ஆள் அனுப்பின. வெள்ளைக்காரர் மாலத்தீவுக்கு வந்தால் விடுமுறைத் தீவுக்குப் போவார். நாங்கள் மக்கள் வாழும் தீவுக்குப் போனோம்.

2010 ஜனவரி. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து இரவு முழுக்கப் படகு. சுமார் 1,200 தீவுகளில் இருநூறுக்கும் குறைவானவற்றில்தான் மக்கள் வாழ்கிறார்கள். எனக்குக் கிடைத்த தீவை ஓரம் ஓரமாக நடந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். வெள்ளை மணல் தெரு, பவளக்கல் சுவர், ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்த் தொட்டி. விடியற்காலையில் பெண்கள் கூட்டமாக ஈர்க்குமாறு எடுத்துக்கொண்டு தெருக்களைப் பெருக்குவார்கள். ஊரே முற்றம்போல இருக்கும். ஆண்கள் சூரை பிடிக்கவோ, சொகுசு விடுதித் தீவுகளில் வேலைக்கோ போயிருப்பார்கள்.

பள்ளியில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் வெளியூர் ஆசிரியர்கள். இஸ்லாமும் திவெஹி மொழியும் உள்ளூர் ஆசிரியர்கள். இந்தப் பாகுபாட்டைப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். வாழ்க்கைக்கு உரியது அவர்களிடம், தேர்வுக்கு உரியது எங்களிடம்.

முதல் வாரமே பிள்ளைகள் என்னைக் கேலி செய்தார்கள். திவெஹி மொழியில் 'ஃப' ஒலி தாராளம். தண்ணீருக்கே 'ஃபென்' என்றுதான் பெயர். எனக்கோ வேகமாகப் பேசினால் ஃபவும் பவும் ஒன்றாகிவிடும். "ஓபன் பேஜ் பிப்டி பைவ்" என்றேன். பின் வரிசையில் ஒருவன், "மிஸ், ஃபிஃப்டி ஃபைவ்" என்றான். வகுப்பே சிரித்தது. அன்று இரவு அறைக்கண்ணாடி முன் நின்று உதட்டைப் பல்லில் கடித்துக் கடித்து ஃபிஷ், ஃபாதர், ஃபைவ் என்று நூறு முறை சொன்னேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கடல் தாண்டி வந்தவளுக்கு மாணவன் உச்சரிப்புச் சொல்லித் தருகிறான். முகவர் அலுவலகத்தில் யாரும் இதைச் சோதிக்கவில்லையே என்று அப்போது கோபமாக வந்தது. இப்போது நினைத்தால், அவர்கள் சோதித்திருந்தால் அக்காவின் கல்யாணக் கடன் அடைந்திருக்காது.

எரிச்சல் ஒன்றா இரண்டா. பத்தாம் வகுப்பு முடிவில் இங்கிலாந்திலிருந்து வரும் ஓ லெவல் தேர்வு. கணக்கு, அறிவியல், வணிகம், எல்லாமே ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு ஒரு பாடம் போவதில்லை, எல்லாப் பாடமும் போகிறது. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டினால் அந்தத் தீவில் ஆங்கிலத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. மீன் திவெஹியில்தான் விற்கும். பையன்களுக்காவது விடுதி வேலை என்று ஓர் ஆசை காட்டலாம். பெண்பிள்ளைகளை விடுதித் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்ப வீடுகள் தயங்கின. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவேண்டுமானால் மாலேவுக்கோ வேறு பெரிய தீவுக்கோ போய் உறவினர் வீட்டில் தங்கி, அந்த வீட்டு வேலையும் செய்துகொண்டு படிக்க வேண்டும். "வை இங்கிலீஷ், மிஸ்?" என்று ஒருத்தி கேட்டபோது எதிர்காலம், வேலை என்று ஏதோ சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆங்கிலம் படித்தால் என்ன ஆகலாம் என்பதற்கு அவள் கண்முன் இருந்த ஒரே பெண் மாதிரி நான். இருபத்தேழு வயதில், கல்யாணம் ஆகாமல், யார் வீட்டிலோ ஒற்றை அறையில், டின் மீனைச் சோற்றில் பிசைந்து தின்றுகொண்டு.

பாடப்புத்தகம் எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்டது. பனிமனிதன், சுரங்க ரயில், நாய்க்குட்டி. அங்கே பனி இல்லை, ரயில் இல்லை, நாயும் இல்லை. முறையீட்டுக் கடிதம் என்று ஒரு பயிற்சி. ரயில் தாமதமானதைப் பற்றி நிலைய மேலாளருக்கு எழுத வேண்டும். ரயிலையே பார்க்காத பிள்ளைகள் அது தாமதமானதற்கு எப்படிக் கோபப்படுவார்கள்? அன்று நான் கரும்பலகையில் விருத்தாசலம் ஜங்ஷனை வரைந்தேன். வடக்கே சென்னை, தெற்கே திருச்சி, கிழக்கே கடலூர், மேற்கே சேலம். இஞ்சின் எப்படிக் கூவும் என்று கூவிக் காட்டினேன். இரண்டு வருடத்தில் நான் உருப்படியாக எடுத்த சில வகுப்புகளில் அது ஒன்று. அன்றும்கூடக் கடிதத்தை நான் எழுதிப்போட்டுத்தான் அவர்கள் பார்த்து எழுதினார்கள். 'ஐ ஆம் ரைட்டிங் டு எக்ஸ்பிரஸ் மை டிஸ்ஸாடிஸ்ஃபாக்ஷன்.' பதினைந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், இல்லாத ரயிலின் மேல் ஒரே வாக்கியத்தில் அதிருப்தி தெரிவித்தார்கள்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நான் பாடம் நடத்தத் தொடங்கியதும் இவள் குனிந்து ஏதோ முணுமுணுக்க ஆரம்பிப்பாள். பக்கத்தில் இருப்பவள் திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்வாள். அங்கிருந்து அடுத்த வரிசைக்கு. ஒரு சலசலப்பு வகுப்பு முழுக்க ஓடி அடங்கும். எனக்கு அது கேலியாகத்தான் பட்டது. 'பிப்டி பைவ்' அனுபவத்துக்குப் பிறகு எந்த முணுமுணுப்பும் என்னைப் பற்றியதாகவே இருந்தது. வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்று அங்கேயும் விதி இருந்தது, ஆனால் யாரும் கண்டுகொள்வதில்லை. நான் கண்டுகொண்டேன். எனக்குத்தான் அந்தத் தொழிலில் பழக்கம் இருந்ததே. அபராதம் இல்லை, பலகையின் ஓரத்தில் பெயர் எழுதுவது. ஒரே வாரத்தில் அவள் பெயர் ஏழு முறை வந்தது. ஏழாவது முறை அவளை வராந்தாவில் நிற்கவைத்தேன். மற்ற பிள்ளைகள் யாரும் அன்று சிரிக்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

அதன்பிறகு வகுப்பு அமைதியானது. எனக்குப் பெருமை. பக்கத்து அறைவரை சத்தம் கேட்காத வகுப்பு. அடுத்த மாதத் தேர்வில் பாதிப் பேர் எழுதவே இல்லை. வெறும் தாள். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆசிரியர் அறையில் என் எதிரே உட்காரும் திவெஹி ஆசிரியை, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், விடைத்தாள் திருத்திக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்: "நீ ஏன் அந்தப் பெண்ணை நிறுத்தினாய்? அவள்தானே உன் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தாள்."

அவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்வதை வாக்கியம் வாக்கியமாகத் திவெஹியில். போன வருடமும் அப்படித்தானாம், அதற்கு முந்திய ஆசிரியருக்கும் அப்படித்தானாம். எனக்குச் சம்பளம் தந்த வேலையைப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சும்மா செய்துகொண்டிருந்தாள். அதற்காக நான் அவளை வெயிலில் நிறுத்தினேன்.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். இனிமேல் நீ சொல்லிக்கொடுக்கலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நோ திவெஹி, மிஸ். யூ சே." எத்தனை தெளிவான ஆங்கிலம். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. ஆசிரியை மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியம் எந்த மொழியிலும் எனக்கு அப்போது வரவில்லை. பல மாதங்கள் அவள் வாயைத் திறக்கவேயில்லை.

இதற்கிடையில் பணம். சம்பளம் 7,000 ருஃபியா. ருஃபியாவை இந்தியாவுக்கு நேராக அனுப்ப முடியாது, டாலராக மாற்ற வேண்டும். அரசு விலையில் டாலர் வங்கிகளில் கிடைப்பதே அரிது. வரிசையில் நிற்பதற்கே படகேறி மாலேவுக்குப் போகவேண்டும். வெளியில் வாங்கினால் விலை கூட. 2011 ஏப்ரல் 11 அன்று அரசாங்கம் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 12.85 ருஃபியாவாக இருந்த டாலர் சட்டென்று 15.42 ஆனது. ஒரு காரியமும் செய்யாமல் ஒரே இரவில் என் சம்பளத்தில் 90 டாலர் காணாமல் போயிற்று. நம் பணத்தில் மாதம் நாலாயிரம். மெட்ரிக் பள்ளியில் ஒரு மாதம் முழுக்கக் கத்திச் சம்பாதித்ததைவிட அதிகம். விலை ஏறி, மாலேயில் தெருவில் போராட்டமெல்லாம் நடந்தது. உள்ளூர்க்காரர்கள் போராடலாம். ஒப்பந்த ஆசிரியை எங்கே போய்ப் போராடுவது?

எங்கள் ஊருக்குப் பணம் அனுப்புவதில் பழைய அனுபவம் உண்டு. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பாடிப் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற வழக்கே அதிலிருந்து வந்தது என்பார்கள். கதையில் எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருவது. குளத்தில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்ததாம். சுந்தரர் மறுபடி பாட, மாற்று சரியாயிற்று. பொன் கேட்டது பரவையாருக்காக. அந்த அம்மாள் கணக்குப் பார்த்துச் செலவு செய்தாரா, மாற்றுக் குறைந்தபோது என்ன சொன்னார் என்பதெல்லாம் யாரும் பாடவில்லை. நான் போட்டதும் மாற்றுக் குறைந்துதான் குளத்தில் வந்தது. அக்கா போனில், "போன மாசத்தவிட கம்மியா வந்துருக்கேடி, ஏதாச்சும் செலவு பண்ணிட்டியா?" என்றாள். எனக்குப் பாட வரவில்லை. கத்தினேன்.

அம்மா கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். வெளியூர் மாணவிகளுக்காகச் சொல்கிறேன்: விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் முருகனுக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள். அலுவலகத்தில் கொடுப்பதுபோலவே பெயர், ஊர், குறை எல்லாம் தாளில் எழுதி முனியப்பர் முன்னால் வேலில் கட்டுவது. மனுதாரரின் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துக் கட்டணம். மூன்று மாதத்தில் காரியம் ஆகும், ஆனதும் ராஜினாமா கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். டாலர் விலைக்காகவா, என் சம்பளத்துக்காகவா கட்டினாள் என்று கேட்டேன். "ஒனக்கு ஒரு வரன் அமையணும்னு" என்றாள். கடலைத் தாண்டி எத்தனை கிலோமீட்டர் போட்டார்கள் என்று கேட்டதற்கு, "நம்மூரு அட்ரஸ்தான் குடுத்தன், கம்மியா வந்துச்சு" என்றாள். நான் அங்கே முறையீட்டுக் கடிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அனுப்ப ஒரு முகவரி உள்ள முறையீடு எங்கள் குடும்பத்தில் அம்மாவுடையது மட்டும்தான்.

கல்யாண விஷயத்தில் தீவுக்கும் என்மேல் ஆர்வம் இருந்தது. வீட்டுக்காரம்மா தினமும் விசாரிப்பார். அவருக்கு மூன்று திருமணம், அதில் இரண்டு ஒரே ஆளோடு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமோ துக்கமோ இல்லை, மாங்காய் அரிந்துகொண்டே சொன்னார். மணவிலக்கு உலகிலேயே மிக அதிகமாக நடக்கும் நாடுகளில் ஒன்று அது. பிரிந்த பெண் மறுபடி மணப்பதை யாரும் பேச்சாக எடுப்பதில்லை. அதே ஊரில் திருமணத்துக்கு வெளியே உறவு என்று குற்றம் சாட்டப்பட்டுக் கசையடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் உண்மை. எந்த ஊரையும் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அம்மாள் மாங்காய் அரிந்த தோரணை எனக்குள் எதையோ தளர்த்தியது. ஒரு கல்யாணமே நடக்காததற்கு என் வீடு இழவுபோல உட்கார்ந்திருந்த காலம் அது.

வெறும் தாள்களுக்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். எதிரே உட்காரும் ஆசிரியையிடம் திவெஹி கற்கத் தொடங்கினேன். தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து வந்தவை, அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்து. ஒன்று இரண்டு மூன்றை எடுத்து எழுத்தாக்கிக்கொண்ட மக்கள். பவளத் தீவுக்கூட்டங்களுக்கும் அரிச்சுவடி வரிசையில்தான் குறிப்பெயர்: ஹா, ஷவியானி, நூனு, ரா. நாட்டின் வரைபடத்தையே அகரவரிசையாகப் படிக்கலாம். ஷவியானி எழுத்தை நாக்கை மேலே வளைத்துச் சொல்ல வேண்டும், என் ழகரத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. அந்த ஒன்றை மட்டும் முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டேன். ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் 'தோணி' அங்கே 'தோனி'. ஆங்கில அகராதியில் உலகத்துக்கே சொந்தமாகிவிட்ட 'அடோல்' என்ற சொல் திவெஹியின் 'அத்தொளு'விலிருந்து போனது. 'கட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போனதுபோல. இதை வகுப்பில் இரண்டு பக்கமும் எழுதிப்போட்டேன், திவெஹியை வலமிருந்தும் தமிழை இடமிருந்தும், நடுவில் ஆங்கிலம். தானா எழுத்தில் என் புள்ளி ஒன்று தவறிவிட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த சாக்குக் கட்டியை வாங்கி, புள்ளியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து பழைய சலசலப்பு மெல்லத் திரும்பியது. நான் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, அது கடைசி வரிசைவரை போய்ச் சேரும்வரை காத்திருக்கப் பழகினேன்.

இதனால் எல்லாரும் தேர்ச்சி பெற்றார்கள் என்று எழுத ஆசைதான். பெறவில்லை. ஓ லெவலில் அந்த வகுப்பு ஆங்கிலத்தில் வழக்கம்போலத்தான் சரிந்தது. அவள் தேறினாள், மாலேவுக்குப் போகவில்லை. வீட்டில் தம்பிகள் இருந்தார்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. 2011 டிசம்பரில் திரும்பி வந்தபோது அக்காவின் கடன் முடிந்திருந்தது. என் கையில் மிச்சம் பதினெட்டாயிரம் ரூபாய். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். "இங்கிலீசு படிச்சிட்டு எவளாவது தமிழுக்கு எறங்குவாளா?" என்றார் சித்தப்பா. இறங்குவதா ஏறுவதா என்று அவரோடு வழக்குப் பேச எனக்கு நேரமில்லை. பிறகு முனைவர் பட்டம், இந்த வேலை, இரண்டு கவிதைத் தொகுப்புகள். அம்மா கட்டிய பிராதுக்கு மட்டும் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. மூன்று மாதக் கெடு முடிந்து பதினான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. முருகன் ஃபைலை எங்கோ வைத்துவிட்டார் என்கிறாள்.

இந்த வருடம் கேட்ட பெண்ணை அப்படி அனுப்பிவிட முடியவில்லை. அவளுக்கு நேர்காணல் தேதியே வந்துவிட்டது. அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவர், அப்பா இல்லை. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிட்டு வராதே என்றேன். சம்பளம் எந்த நாட்டுப் பணத்தில், ஊருக்கு அனுப்ப மாதம் எவ்வளவு டாலர் கிடைக்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேள். ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் டிக்கெட் யார் எடுப்பது என்று பார். அங்கே போன முதல் வாரமே அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொள். அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒத்திகை பார்த்தோம். நான் முகவர், அவள் அவள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டேன்: "ஆர் யூ மேரிட்?"

அவள் முகம் சுருங்கியது. "அத ஏன் மேடம் கேக்குறாங்க?"

"அதையே இங்கிலீஷ்ல கேளு" என்றேன்.

"வை... யூ ஆர் ஆஸ்கிங்..."

"இல்ல. வை டூ யூ ஆஸ்க்."

"வை டூ யூ ஆஸ்க்" என்றாள், தரையைப் பார்த்து.

"நிமிந்து பாத்து."

"வை டூ யூ ஆஸ்க்?"

"இன்னொரு தடவ" என்றேன். கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. அவளைப் பேருந்து நிலையம்வரை என் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.